மலை மக்களே முடிவெடுக்கட்டும் என்கிறோம், மைக் யார் கையில்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஜனவரி 2024

ஜபடிஸ்டா எழுச்சிக்கு 30 வருடம் ஆகிவிட்டதென்று ஆளாளுக்குப் படம் போடுகிறீர்கள். எங்கோ மெக்சிகோ மலையில் இருப்பவர்களுக்கு ஈரோட்டிலும் கோவையிலும் உட்கார்ந்துகொண்டு ஆதரவு சொல்லி என்ன ஆகப்போகிறது? இங்கே சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூர் மலைக்காரர்களுக்கு இதே ஆதரவை யாராவது காட்டியிருக்கிறீர்களா? அது ஃபேஷன், இது தலைவலி. அவ்வளவுதானே?

4 ஜனவரி, இரவு

பாதி சரி. அந்தப் பாதி எனக்குத்தான் உறைக்கிறது, ஏனென்றால் ஜபடிஸ்டா என்ற பெயரே எனக்குப் பனியன் வழியாகத்தான் அறிமுகம்.

திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க்தான். சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவுக்குப் போகிற சின்ன ஆர்டர் ஒன்று வந்தது. கறுப்புப் பனியன், நெஞ்சில் சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரம், அதற்குக் கீழே கண் மட்டும் தெரிகிற மாதிரி முகமூடி போட்ட ஒரு பெண். கறுப்புத் துணியில் சிவப்பை அப்படியே இழுத்தால் நிறம் செத்துவிடும். முதலில் வெள்ளை பேஸ் அடித்து, சூடு காட்டிக் காயவைத்து, அதன் மேல்தான் சிவப்பை ஏற்ற வேண்டும். ஸ்கிரீன் ஒரு நூல் நகர்ந்தாலும் நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும். ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரிப் பிரிண்ட், அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தது.

டேபிளில் அதை இழுத்துக்கொண்டிருந்தவன் கடம்பூர் மலையிலிருந்து வந்த ஊராளிப் பழங்குடிப் பையன். "இது யாருங்ணா, போலீஸா திருடனா?" என்றான். முகமூடி போட்டவர் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ராத்திரி தேடிப் படித்துவிட்டு மறுநாள் சொன்னேன். மெக்சிகோவின் தெற்குக் கோடியில் சியாபாஸ் என்று ஒரு மாநிலம். அங்கே சோட்சில், செல்தால், சோல், தோஹோலபால் பேசுகிற மாயா இனத்து மலை மக்கள். 1994 ஜனவரி 1 அன்று ஜபடிஸ்டா என்ற பெயரில் துப்பாக்கியோடு இறங்கி சான் கிறிஸ்டோபல் உள்ளிட்ட சில ஊர்களைப் பிடித்தார்கள். அமெரிக்கா, கனடாவோடு மெக்சிகோ போட்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள் அது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1992-ல், அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவைத் திருத்தி, ஊர்ப் பொது நிலத்தை விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் சண்டை, பிறகு போர் நிறுத்தம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் நெலம் கெடச்சுதுங்களா?"

ஃபேஷனும் உண்டுதான் ஐயா, மறுக்கவில்லை. அந்த ஆர்டரில் எனக்கும் நாலு காசு வந்தது.

5 ஜனவரி

நிலம் கிடைத்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு வகையில் கிடைத்தது. 1994-ல் பண்ணையார்கள் விட்டுவிட்டு ஓடிய எஸ்டேட் நிலங்களைப் பிடித்து ஊர் ஊராகச் சேர்ந்து பயிர் செய்கிறார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், காபி. காகிதத்தில் கிடைத்ததா என்றால், இல்லை. 1996 பிப்ரவரியில் சான் ஆந்த்ரேஸ் என்ற ஊரில் அரசும் அவர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். பழங்குடிகளின் சுயாட்சி, மொழி, வழக்காறு எல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட அரசு அதைச் சொன்னபடி சட்டமாக்கவில்லை. 2001-ல் தலைநகரம் வரை ஊர்வலம் போனார்கள். எஸ்தர் என்ற பெண் தளபதி முகமூடியோடு நாடாளுமன்றத்திலேயே நின்று பேசினார். அப்புறம் வந்த சட்டத்தில் முக்கியமானதெல்லாம் உருவப்பட்டிருந்தது.

நீங்கள் தராவிட்டால் போங்கள் என்று 2003 ஆகஸ்டில் தாங்களே நிர்வாகக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், வைத்தியம், வழக்குத் தீர்ப்பு எல்லாம் அதன் கீழ் இருந்தன. பதவியில் இருந்தவருக்குச் சம்பளம் கிடையாது. முறை வைத்து மாறி மாறி உட்கார வேண்டியிருந்தது, தவறு செய்தால் ஊர் இறக்கிவிட்டது.

8 ஜனவரி

கோவை வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "அவர்கள் துப்பாக்கி தூக்கியவர்கள். நம் மலைக்காரர்களை அவர்களோடு ஒப்பிட்டுப் பேசினால், நாளைக்கு வனத்துறை இவர்களையும் தீவிரவாதி என்று எழுதிவைக்கும். ஆதரவு என்ற பெயரில் ஆபத்தைக் கொடுக்காதீர்கள்."

பயம் நியாயமானது. வீரப்பன் தேடுதல் காலத்தில் இரண்டு மாநில அதிரடிப்படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்கிய தலைமுறை இந்த மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சதாசிவா ஆணையம் விசாரித்தது, தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. பையனின் "போலீஸா திருடனா" கேள்வி அங்கிருந்து வந்தது, சினிமாவிலிருந்து அல்ல.

ஆனால் நான் ஒப்பிடுவது துப்பாக்கியை அல்ல. 1996-ஐ ஒப்பிடுகிறேன். பிப்ரவரியில் அங்கே சான் ஆந்த்ரேஸ் ஒப்பந்தம். அதே வருடம் டிசம்பரில் இங்கே, பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம், பெசா என்று சொல்வார்களே, அது. ஒரு சின்னக் குக்கிராமம் கூடத் தன்னையே ஒரு ஊராக எண்ணிக் கிராம சபை நடத்தலாம், தன் வளத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்கிற சட்டம். ஒரு துப்பாக்கிக் குண்டு செலவில்லாமல் நம் நாடாளுமன்றம் போட்டது. நமக்கு அதில் என்ன பங்கு? ஒன்றும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வருகிற பத்து மாநிலங்களில் தமிழ்நாடு கிடையாது. ஆசனூரும் இல்லை, ஜவ்வாது மலையும் இல்லை, ஆனைமலையும் இல்லை.

மிச்சம் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிறவர்களுக்கு அங்கே நிலத்திலும் காட்டிலும் உரிமை தருகிற சட்டம். 2008 ஜனவரி 1-ல் விதிகள் வந்தன. அதே வருடம் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்று வந்து, தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும் வரை பக்கத்து மாநிலங்களில் எல்லாம் காகிதம் நகர்ந்தது, இங்கே பீரோவில் தூங்கியது.

9 ஜனவரி

இல்லை, நான் வக்கீல் இல்லை. பனியன் ஆள்தான். சத்தியமங்கலத்தில் ஒரு நண்பர் வக்கீல், அவரோடு மலைக்குப் போய் வந்து ஒட்டிக்கொண்டது.

12 ஜனவரி

பொங்கலுக்கு மலைக்குத் துணி கொண்டு போகப் போகிறோம், பழைய துணி இருந்தால் கொடுங்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. இங்கேயும் ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அதற்கு ஒரு கதை.

2003-ல் அந்த நிர்வாகக் குழுக்களை அறிவிப்பதற்குச் சற்று முன், ஜபடிஸ்டாக்களின் பேச்சாளர் மார்கோஸ் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெளியூர் ஆதரவாளர்கள் அனுப்புகிற உதவிப் பொருளைப் பற்றியது. ஓடாத கம்ப்யூட்டர், காலாவதி மருந்து, நாடகத்துக்குக் கூடப் போட முடியாத துணி. இதற்கெல்லாம் சிகரமாக, இளஞ்சிவப்பு நிறத்தில் உயர்ந்த குதிகால் செருப்பு ஒன்று வந்ததாம். ஒன்றுதான். ஜோடி இல்லை. காட்டில் சேற்றில் நடக்கிறவர்களுக்கு ஒற்றைக் குதிகால் செருப்பு. அதைத் தன் மூட்டையிலேயே போட்டுத் தூக்கிக்கொண்டு திரிவதாக எழுதினார், எங்களை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல் இருக்க.

கடிதத்தோடு விடவில்லை, விதியும் போட்டார்கள். வெளியிலிருந்து திட்டமோ பணமோ வந்தால் குழு வழியாகத்தான் வர வேண்டும், எந்த ஊருக்கு எது என்பதை ஆதரவாளர் முடிவு செய்யக்கூடாது, வருகிற திட்டப் பணத்தில் பத்து சதவீதத்தை ஒன்றும் கிடைக்காத ஊர்களுக்காகக் குழு எடுத்துக்கொள்ளும். ரோட்டோரத்து ஊருக்கே எல்லா உதவியும் போய்ச் சேர்வதை அவர்கள் கண்டிருந்தார்கள். திம்பம் ஏறிப் பாருங்கள். தார் ரோட்டில் இருந்து தெரிகிற தொட்டிக்கு (மலையில் குடியிருப்பை அப்படித்தான் சொல்வார்கள்) வருடா வருடம் போர்வை. உள்ளே ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய தொட்டிக்கு ஒன்றும் இல்லை. கார் போகாதே!

17 ஜனவரி

திட்டு விழுந்துவிட்டது. "நல்லது செய்கிறவர்களையும் கிண்டல் செய்தால் யார் மலைக்குப் போவார்கள்? கீழே இருப்பவர்கள் உதவி இல்லாமல் மலையில் எது நடந்திருக்கிறது?" என்று கோபியிலிருந்து ஒரு அக்கா.

அக்கா, வாச்சாத்தி வழக்கு நடந்தது கீழே இருப்பவர்கள் உதவியால்தான். அதை மறந்துவிட்டு நான் பேசவில்லை. 1992 ஜூன் 20, சித்தேரி மலை அடிவாரத்தில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளை இடித்தார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் பிடித்த பிடியை விடாமல் இருந்ததால்தான் வழக்கு சிபிஐ வரை போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. போன செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருடம்.

அந்தப் பெண்களுக்குப் பின்னால் சங்கம் நின்றது, வக்கீல்கள் நின்றார்கள். அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்டியது அந்தப் பெண்களே. கூண்டில் ஏறிச் சொன்னதும் அவர்களே. அவர்களுக்கு முன்னால் போய் நின்று படம் எடுத்துக்கொண்ட ஆதரவு அல்ல அது. பழைய துணி மூட்டையையும் இதையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

துணி கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்வெட்டர் புதிதாக வாங்கிக் கொடுங்கள். தாளவாடியில் குளிர் தெரியுமல்லவா.

23 ஜனவரி

தலைப்பில் உள்ள மைக்குக்கு வருகிறேன்.

ஆசனூருக்கு மேலே ஒரு தொட்டியில் வன உரிமைக் கூட்டம். வக்கீல் நண்பரோடு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூட வராந்தா, கையில் தூக்கிப் போகிற ஸ்பீக்கர், ஒரு மைக். கீழேயிருந்து வந்த நாங்கள் நாலைந்து பேர் நாற்காலியில், ஊர் தரையில். முதலில் ஒருவர் சட்டத்தின் வரலாறு சொன்னார். அப்புறம் இன்னொருவர் உலகப் பழங்குடிகள் பற்றிச் சொன்னார், ஜபடிஸ்டாவும் அதில் வந்தது. எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள், அதில் குறை இல்லை. பெண்கள் பக்கம் ஒரு பாட்டி சீமார்ப்புல்லைத் தட்டித் தட்டிக் கட்டாக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வேலை நிற்கவே இல்லை. தனிநபர் மனு, அதாவது படிவம் 'ஏ', இன்றைக்கே நிரப்பிவிடலாம் என்று நண்பர் காகிதத்தை எடுத்தபோது அந்தப் பாட்டி கேட்டார்: "எல்லாஞ் சரிங்க சாமி. நீங்க போனப்பறம் நாங்க பேசிக்கலாமுங்களா?"

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டு இறங்கினோம்.

பேசினார்கள். என்ன முடிவு தெரியுமா? தனிநபர் மனு இப்போது வேண்டாம். முதலில் படிவம் 'பி', சமூக உரிமை. சுடுகாடு, கோயில், தேன் எடுக்கிற பாறைகள், கடுக்காயும் நெல்லியும் பூச்சக்காயும் கல்பாசியும் எடுக்கிற காடு. அதற்கு அப்புறம்தான் அவரவர் வயல். நண்பருக்கு எரிச்சல். தனிநபர் மனு சுலபமாக நகரும், சமூக உரிமை இழுக்கும் என்று தெரிந்தவர் அவர். ஊர் சொன்ன காரணம் இது: முதலில் ஆளுக்கொரு காகிதம் வந்துவிட்டால், வந்தவன் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டான். வராதவன் நிலத்துக்கு யார் பேசுவது?

பனியன் சங்கத்தில் கூலி ஒப்பந்தம் பேசிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

24 ஜனவரி

பொருள் விற்பது பற்றிக் கேட்டவருக்கு: சட்டப்படி சிறு வனப்பொருளுக்கு அவர்களே உடைமையாளர். நடைமுறையில் லேம்ப்ஸ் என்கிற பழங்குடிக் கூட்டுறவுச் சங்கம், இல்லாவிட்டால் காண்ட்ராக்டர். மேலே எடுத்த விலைக்கும் சத்தி சந்தை விலைக்கும் நடுவில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். சியாபாஸ் காபி கூட்டுறவுகள் ஐரோப்பிய ஆதரவாளர்களுக்கு நேராக விற்பது அதனால்தான். ஆதரவு காட்ட விரும்புகிறவன் காபி குடித்தால் போதும், பனியன் போட வேண்டியதில்லை. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன்.

29 ஜனவரி

"சுயாட்சி என்றால் கொங்கு நாட்டுக்கும் வேண்டும், வரி கொடுப்பது நாங்கள்" என்று ஒரு தம்பி. 2021-ல் சூடு பறந்த பேச்சு, நடுவில் ஆறிப்போய் இருந்தது. சரி தம்பி, கொங்கு நாடு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தலைநகரம் கோவையா ஈரோடா என்ற சண்டை முடிந்த பிறகு, கடம்பூர் மலைக்கு எத்தனை நாற்காலி? கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் அவர்களை இறக்கிக்கொண்டு வந்து, முன்பணத்தில் கட்டிப்போட்டு வைத்திருந்த தோட்டங்கள் எந்த நாட்டில் இருக்கின்றன? இதற்குப் பதில் எழுதிவிட்டு நாஃப்டா பற்றிப் பேசலாம்.

(இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் என் சொந்தக்காரர். விசேஷத்தில் பார்த்துக்கொள்கிறேன்.)

2 பிப்ரவரி

ஜனவரி கடைசியில் அறிவிப்பு வந்துவிட்டது. அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,000 ஹெக்டேர் காடு இனி தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம். காலையிலிருந்து எல்லோரும் யானை வழித்தடம், புலி என்று மகிழ்ச்சியாக எழுதுகிறார்கள். வரட்டும், யானைக்கு நானும் விரோதி இல்லை. சத்தியமங்கலத்தையும் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை, காவிரி காடுகளையும் இது இணைக்கிறது என்பதும் உண்மைதான்.

பர்கூர் மலையில் வேறு பேச்சு. அங்கே செம்மரை மாடு என்று ஓர் இனம், செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு. அதற்கென்று அரசு ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது. மாடு காட்டுக்குள் பட்டியில்தான் வளரும். சோளகப் பழங்குடியினரும் லிங்காயத்தாரும் தலைமுறையாக அப்படித்தான் மேய்க்கிறார்கள். பாலை விட எருவில்தான் வருமானம். பர்கூர் பட்டி எருதான் நம் ஈரோட்டு மஞ்சள் காட்டுக்கு வருகிறது என்பதை மஞ்சள் மண்டியில் நிற்கிற எந்த விவசாயியும் சொல்வார்.

2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மாடு மேய்க்கத் தடை போட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மட்டும் என்று சுருக்கியது. பர்கூர் அன்று சரணாலயம் இல்லை, தப்பித்தது. இன்று சரணாலயம். புரிகிறதா?

வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் ஓர் உரிமை, எழுத்தில் இருக்கிறது. உரிமைகளை அங்கீகரித்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்பதும் இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கிற வேலை முடியாமல் கிடக்கும்போது மேலே இன்னொரு அறிவிப்பு வந்து உட்கார்ந்தால், மாட்டுக்காரன் வனத்துறை வாட்சரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவான்?

5 பிப்ரவரி

நேற்று ஒருவர், "பழங்குடிகளுக்குத்தான் சட்டத்தில் உரிமை உண்டே, எதற்கு அழுகிறார்கள்" என்று முடித்துவிட்டார். சட்டத்தில் யார் பழங்குடி என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மலையாளி என்ற சமூகம். கேரளக்காரர் அல்ல, மலையை ஆண்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிற நம் மலை மக்கள். சேர்வராயன் மலையில், சித்தேரியில், சேலம் தருமபுரி பக்கம் இருந்தால் பட்டியல் பழங்குடி. அதே மக்கள், அதே கொடுக்கல் வாங்கல், கடம்பூர் மலையிலோ பர்கூர் கிழக்கு மலையிலோ இருந்தால் இல்லை. ஈரோடு அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம், பட்டியலில் கோயம்புத்தூர் பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். சேலம் பக்கத்து வீட்டில் பெண் எடுத்தால், மருமகளுக்குச் சாதிச் சான்றிதழ் உண்டு, மாப்பிள்ளைக்குக் கிடையாது. பல வருடமாகக் கேட்கிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் செய்து தருகிறோம் என்கிறது.

வன உரிமைச் சட்டத்தில் இதன் விலை என்ன? பட்டியல் பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கே இருப்பதைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லையென்றால் மூன்று தலைமுறை, 75 வருடம் காட்டில் இருந்ததற்குச் சான்று. 1930-க்கு முன்பு பிறந்த தாத்தாவிடம் ரசீது இருக்கிறதா என்று கேட்பது போல.

6 பிப்ரவரி

மதுக்கடை பற்றி எழுதச் சொன்ன அக்காவுக்கு ஒரு வரி: ஜபடிஸ்டா ஊர்களில் சாராயம் தடை, அதைக் கொண்டு வரவைத்தது பெண்கள். 1994-க்கு முன்பே, 1993-ல், பெண்களுக்கென்று தனிச் சட்டம் எழுதி இயக்கத்துக்குள் நிறைவேற்றியதில் ரமோனா என்ற பெண் தளபதி முக்கியமானவர். மற்றதைத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய பேச்சு.

13 பிப்ரவரி

ஐந்து வருடம் முன்பு இதே தேதியில்தான் வன உரிமை மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. நாடு முழுக்கக் கொதித்ததும் பிப்ரவரி 28-ல் அதை நிறுத்திவைத்தார்கள். நிராகரித்த விதத்தைச் சரிபாருங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னார்கள்.

"காடும் வேண்டும் ஆளும் வேண்டும் என்றால் நடக்காது" என்று எழுதியிருப்பவருக்கு, ரொம்ப தூரம் போக வேண்டாம், ஆசனூரிலிருந்து கர்நாடக எல்லை தாண்டினால் பிலிகிரி ரங்கன் மலை. சோளகர்கள் அங்கும் இருக்கிறார்கள், இங்குள்ளவர்களுக்குச் சொந்தபந்தம். 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அவர்களின் சமூக வன உரிமையை ஏற்றார்கள். இந்தியாவில் புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. புலி ஓடிப்போய்விடவில்லை, அடுத்த கணக்கெடுப்பில் கூடியது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தேன் எடுத்தால் உரிமை, இந்தப் பக்கம் எடுத்தால் வழக்கு.

வால்பாறை வாசகர் ஞாபகப்படுத்தியதையும் சேர்க்கிறேன். 2019 மழையில் ஆனைமலைக் காட்டுக்குள் கல்லார்குடியில் நிலம் சரிந்து காடர் பழங்குடிகள் வீடிழந்தார்கள். கைவிடப்பட்ட எஸ்டேட் லயன் வீட்டில் போய் இருங்கள் என்றது நிர்வாகம். அவர்கள் தெப்பக்குளமேட்டைக் காட்டினார்கள், அதுவும் அவர்கள் காடுதான். போராடி 2021-ல் வாங்கினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிது.

25 பிப்ரவரி

ஒடிசாவின் நியாம்கிரி மலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டோங்ரியா கோண்டு பழங்குடிகளின் அந்த மலையில் வேதாந்தா கம்பெனிக்காக பாக்சைட் தோண்டலாமா என்று கிராம சபைகள் சொல்லட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. உலகமெல்லாம் ஆதரவு இருந்தது, லண்டனில் கூட ஆர்ப்பாட்டம் நடந்தது. எல்லாம் சேர்ந்து வேலை செய்தது உண்மை. ஆனால் கடைசியில் மாவட்ட நீதிபதி முன்னால் எழுந்து நின்று வேண்டாம் என்றது அந்தந்த ஊர்.

இங்கே அது நடக்குமா? நடக்க வேண்டுமானால் முதலில் எது ஊர் என்று தீர வேண்டும். நம் மலை ஊராட்சிகளைப் பாருங்கள். ஒரே ஊராட்சிக்குள் ஏகப்பட்ட தொட்டி, நடுவில் காடு, யானை. வன உரிமை விதிப்படி சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஊராட்சி முழுக்க ஒரே சபை என்றால் எந்த ஜென்மத்தில் பாதிப் பேர் கூடுவார்கள்? கூடினாலும் ரோட்டோரத்து ஊர்தான் பேசும். தொட்டிக்குத் தொட்டி சபை வேண்டும் என்பதுதான் மலையில் பல வருடமாகக் கேட்கிற கோரிக்கை.

போன நவம்பரில் ஜபடிஸ்டாக்கள் செய்ததைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. இருபது வருடமாக நடத்திய நிர்வாகக் குழுக்களையும் தன்னாட்சி நகராட்சிகளையும் தாங்களே கலைத்துவிட்டார்கள். பத்திரிகைகள் இயக்கம் முடிந்தது என்று எழுதின. கூர்ந்து படித்தால், அதிகாரத்தை ஊர் சபைக்கு இறக்கியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு தன்னாட்சி அரசு, மேலே இருப்பது ஒருங்கிணைப்பு மட்டும். தங்கள் குழுக்களிலேயே மேலிருந்து கீழே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, ஊர்ச் சொல் மேலே போகவில்லை என்று அவர்களே காரணம் சொன்னார்கள். குவாத்தமாலா எல்லையில் போதைக் கும்பல்களின் அட்டூழியமும் அந்த மாதங்களில் சேர்ந்துகொண்டது. அதையும் சொல்லாமல் விட்டால் படம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

ஆதரவாளர்களான நமக்கு அதனால் சிரமம்தான். ஒரு தலைவர், ஒரு முகமூடி, ஒரு பனியன் என்று இருந்தால் சுலபம். ஆயிரம் ஊர் ஆயிரம் முடிவெடுத்தால் எதைப் பனியனில் அடிப்பது?

2 மார்ச்

"சரி, பேசினது போதும், நான் என்ன செய்யட்டும்?" என்று பவானியிலிருந்து கேட்டவருக்கு. காகிதம் தேடுங்கள். 75 வருடச் சான்று என்பது ரசீது மட்டும் அல்ல. விதி 13-ல் பட்டியல் இருக்கிறது. பழைய கெசட்டியர், வனத்துறையின் பழைய செயல் திட்டம், மேய்ச்சல் அனுமதிச் சீட்டு, கிணறு, சுடுகாடு, கோயில், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். பட்டி எரு வாங்கின பழைய கணக்கு நோட்டு உங்கள் தாத்தா பெட்டியில் இருக்கலாம். பர்கூரில் இன்னாரிடம் இன்ன வருடம் எரு வாங்கினோம் என்று ஒரு வரி இருந்தாலும் கூடச் சேர்த்து வைக்கலாம். மஞ்சள் காட்டு வீடுகளில் அப்படிப்பட்ட நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிடைத்தால் மலையில் கொண்டு போய்க் கொடுங்கள். எந்த மனுவோடு சேர்ப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கரையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், அந்தியூரில் ஸ்கேன் செய்கிற கடை இருக்கிறது.

3 மார்ச்

இரண்டு பேர் நோட்டு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒன்று 1940-களைச் சேர்ந்ததாம், எழுத்து பாதி மங்கல். மங்கலாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். பெயர், ஊர் விவரம் எதையும் இங்கே பொதுவில் போடாதீர்கள்.